குதிர் அறையில் ஒரு சர்வர்

மல்லாட்டை பிடுங்கி, ஆய்ஞ்சு, காயவச்சு, மூட்டை கட்டவே இந்த ஐப்பசி சரியாப் போச்சு. அதனால ரொம்ப நாளா எதுவும் எழுதல. இடையில டீக்கடையிலயும் சொசைட்டியிலயும் பார்க்கிறவங்க எல்லாம் ஒரே கேள்வியைக் கேக்கறாங்க. "வீட்டுல என்னமோ பெரிய கம்ப்யூட்டர் வாங்கி வச்சிருக்கியாமே, இன்னாத்துக்குப்பா அது? ரைஸ் மில்லு மாதிரி சத்தம் வருதே?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி மாளல. இங்கேயே எழுதிடறேன். இதுல நான் செஞ்ச ஒரு பெரிய தப்பும் இருக்கு. அதையும் மறைக்காம சொல்றேன்.

கதை 2024 டிசம்பர் 1ஆம் தேதி ஆரம்பிக்குது. ஞாயித்துக்கிழமை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, போகாம அப்படியே நம்ம ஜில்லா மேல உட்கார்ந்துக்கிச்சு. அன்னிக்குத்தான் திருவண்ணாமலையில மலைச்சரிவுல மண் சரிஞ்சு வ.உ.சி. நகர்ல ஏழு உயிர் போச்சு. அதுல அஞ்சு பேர் பிள்ளைங்க. மறுநாள் விடியக்காத்தால சாத்தனூர் அணையில 1.68 லட்சம் கன அடி தண்ணி திறந்துவிட்டாங்க. தென்பெண்ணைக் கரையில இருந்த ஊரெல்லாம் பட்ட பாட்டை நீங்களே டிவியில பார்த்திருப்பீங்க. அதோட ஒப்பிட்டா எங்க ஊருக்கு ஆனது ஒண்ணும் இல்ல. ஏரி கலங்கல் தாண்டி, தண்ணி தெருவுக்கு வந்து, எங்க வீட்டுக்குள்ள முழங்கால் அளவு நின்னுச்சு. ஆடு மாட்டை மேட்டுக்கு ஓட்டிட்டுப் போனோம். உயிருக்குச் சேதம் இல்ல.

ஆனா கட்டிலுக்கு அடியில இருந்த தகரப் பெட்டியை யாரும் நினைக்கல.

நாலு நாள் கழிச்சுத் திறந்தோம். பத்திரம், பட்டா, எங்க கல்யாண ஆல்பம், பிள்ளைங்க ஸ்கூல் போட்டோ எல்லாம் ஒரே களி. ஆல்பத்தைப் பிரிக்கப் போனா ஒரு பக்கத்து மூஞ்சி இன்னொரு பக்கத்துல ஒட்டிக்கிட்டு வருது. எங்க அப்பாவோட போட்டோ ஒண்ணே ஒண்ணுதான் இருந்தது. 1983 தீபத்துக்கு டவுனுக்குப் போனப்ப ஸ்டூடியோவுல எடுத்தது. துண்டைத் தோள்ல போட்டு, விறைப்பா நிப்பாரு. கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு, துடைக்கப் போனா முகமே கையோட வந்துடுச்சு.

பட்டா சிட்டா போனாக்கூட ஆன்லைன்ல எடுத்துக்கலாம். பத்திரம் போனா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நகல் கேக்கலாம். எங்க அப்பா முகத்தை எந்த ஆபீஸ்ல போய்க் கேக்கறது?

ஒரு வாரம் கழிச்சு எங்க அக்கா பொண்ணு போன் பண்ணி, "மாமா, தாத்தா போட்டோ எங்கிட்ட ஒண்ணு இருக்கு" ன்னா. எப்பவோ பொங்கலுக்கு வந்தப்ப சுவத்துல மாட்டியிருந்ததை செல்லுல சும்மா எடுத்திருக்கா. குறுக்கால டியூப்லைட் வெளிச்சம் ஒரு கோடு. இருந்தாலும் முகம் தெரியுது. இப்ப எங்க வீட்டுல மாட்டியிருக்கிறது அதுதான், டியூப்லைட் கோட்டோட.

அதுல இருந்து எனக்கு ஒரே யோசனை. இருக்கிறதை எல்லாம் போட்டோ புடிச்சு எங்கயாவது பத்திரமா சேர்த்து வைக்கணும். செல்லுல இடம் இல்ல. கூகுள்ல 15 ஜி.பி.க்கு மேல போனா மாசாமாசம் காசு. 2021 ஜூன் வரைக்கும் போட்டோ எவ்வளவு வேணா ஏத்தலாம்னு இருந்தது, அப்புறம் நிறுத்திட்டாங்க. மெமரி கார்டை நம்பி ஏற்கெனவே ஒரு தடவை ஏமாந்தவன் நான்.

அக்கா மகன் பெங்களூர்ல கம்பெனியில சர்வர்களைப் பார்த்துக்கிற வேலை. பொங்கலுக்கு வந்தவன்கிட்ட கேட்டேன். "மாமா, புதுசா ரெண்டு டிஸ்க் போடற சின்னப் பெட்டி ஒண்ணு வாங்கிடலாம். அதுதான் உங்களுக்குச் சரி" ன்னான். விலையைச் சொன்னான். டிஸ்க்கோட சேர்த்தா முப்பதாயிரத்துக்கு மேல. நான் தயங்கினதைப் பார்த்துட்டு, "எஸ்.பி. ரோட்டுல பழைய சர்வர் கிடைக்கும். கம்பெனிங்க நாலஞ்சு வருஷத்துல மாத்திட்டுப் பழசை மொத்தமா வித்துடும். எட்டு டிஸ்க் போடற மிஷினே இருபது, இருபத்திரெண்டுக்கு வரும். ஆனா அது உங்களுக்கு வேணாம் மாமா" ன்னான்.

எனக்குக் காதுல விழுந்தது இருபது, இருபத்திரெண்டு மட்டும்தான். கடைசியில சொன்னது விழவே இல்ல. பழைய டிராக்டர் வாங்கியே விவசாயம் பண்ணினவன் நான். பழசுன்னா பயம் கிடையாது.

தை கடைசியில பஸ் ஏறிட்டேன். செங்கம், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியா பெங்களூர். எஸ்.பி. ரோடுன்னா நம்ம சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியே சந்து சந்தா கம்ப்யூட்டர் கடை. ஒரு கடையில சர்வரை எல்லாம் செங்கல் மாதிரி அடுக்கி வச்சிருந்தாங்க. நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர் மாதிரி நிக்கிற பெட்டி இல்ல இது. தட்டையா, நீளமா, பலகை மாதிரி இருக்கும். ரேக்குன்னு ஒரு இரும்புச் சட்டம், 19 அங்குல அகலம். அதுல பீரோ தட்டு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு சொருகுவாங்க. உசரத்துக்கு 'யூ' ன்னு ஒரு கணக்கு. ஒரு யூ ஒன்னே முக்கால் அங்குலம். நாங்க பார்த்தது 2யூ, அதாவது மூணரை அங்குல உசரம். 2012 வாக்குல வந்த மாடல். ரெண்டு ப்ராசஸர், முன்னால எட்டு டிஸ்க் சொருக எட்டு அறை, பின்னால ரெண்டு பவர் சப்ளை. ஒண்ணு செத்தா இன்னொண்ணு இழுத்துக்கும். ஜோடி மாடு மாதிரி.

டிஸ்க்கும் பழசுதான். 4 டி.பி. டிஸ்க் ஒண்ணு 2,800 ரூபா. ஏன் இவ்வளவு மலிவுன்னு கேட்டேன். அது 'சாஸ்' ன்னு ஒரு ரகமாம். சாதாரண கம்ப்யூட்டர்ல சேராது, சர்வர்லதான் சேரும். அதனால வாங்க ஆள் கம்மி. அக்கா மகன் ஒவ்வொண்ணையும் சொருகி, அது இதுவரைக்கும் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு பார்த்தான். டிஸ்க்குக்குள்ளேயே அந்தக் கணக்கு இருக்குமாம். டிராக்டர்ல மணிக்கணக்கு மீட்டர் இருக்கிற மாதிரி. "அதிகமா ஓடாத சரக்குண்ணா" ன்னு கடைக்காரர் சொன்ன டிஸ்க்குல 61,000 மணி நேரம். கிட்டத்தட்ட ஏழு வருஷம் நிக்காம ஓடியிருக்கு. அதை ஒதுக்கிட்டு 48,000க்குள்ள இருந்த அஞ்சை எடுத்தோம். நாலு போட, ஒண்ணு கையிருப்பு. டிராக்டர் வாங்கறப்ப மீட்டரைத் திருப்பி வைக்கிறவன் உண்டு. இதுலயும் அந்த வேலை நடக்குமாம், ஜாக்கிரதை.

பஸ்ல ஏத்த முடியாது. நல்ல கனம், முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. எங்க ஊர்ல இருந்து வாழைக்காய் ஏத்திட்டுப் போன டாட்டா ஏஸ் திரும்பி வந்துது. வாழைச் சருகை மெத்தையா போட்டு, அதுமேல சர்வரை வச்சுக் கொண்டு வந்தோம். தெருவுல இறக்கினப்ப எங்க வீட்டம்மா வெளிய வந்து பார்த்துட்டு ஒரு வார்த்தை பேசல. அதுவே நிறைய பேசின மாதிரிதான்.

எங்க வைக்கிறது? எங்க வீட்டுல பின்கட்டுல குதிர் அறைன்னு ஒண்ணு இருக்கு. எங்க ஆயா காலத்துல மண்குதிர் மூணு இருந்த இடம். இப்ப ஒண்ணுதான் இருக்கு, அதுவும் சும்மா. தரை மத்த அறையைவிட ரெண்டடி உசரம். வெள்ளத்துல தண்ணி ஏறாத ஒரே இடம் அதுதான். ரேக்குக்கு எல்லாம் காசு கிடையாது. வெல்டிங் பட்டறையில எல் ஆங்கிள்ல ஒரு ஸ்டாண்டு அடிச்சு, தரையில இருந்து மூணடி மேல வச்சேன். ஜன்னலுக்குக் கொசுவலைக் கம்பி. பல்லி, எறும்பு, எலி உள்ள போகக் கூடாது. நெல் தூத்தறப்ப வர்ற தூசிதான் பெரிய எதிரி. அதுக்கு மாசம் ஒரு தடவை ஊதிச் சுத்தம் பண்றேன்.

முதல் நாள் ஸ்விட்சு போட்டோம். விசிறி எல்லாம் ஒரே நேரத்துல கத்துச்சு பாருங்க, கொட்டாயில மாடு கயித்தை இழுத்துக்கிட்டுத் துள்ளுது. "ஒரு நிமிஷம்தான் மாமா, அப்புறம் அடங்கிடும்" ன்னான். அடங்குச்சு. ஆனா அடங்கின சத்தமே நம்ம மிக்ஸி சத்தத்துக்குப் பாதி இருக்கும். இதை மனுஷன் தூங்கற அறையில வைக்கவே முடியாது. இருக்கிற இடமும் தனியா இருக்கணும், காத்தும் வேணும்.

மறுநாள் காலையில வெறுங்காலோட போய் அதைத் தொட்டேன். சுருக்குன்னு இழுத்துச்சு. மிஷின்ல கோளாறுன்னு நினைச்சுட்டேன். எலக்ட்ரீஷியன் தம்பி வந்து டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டு, "அண்ணா, உங்க வீட்டுல எர்த்தே இல்ல. மூணாவது ஓட்டை சும்மா பேருக்கு இருக்கு" ன்னு சொன்னாரு. முப்பது வருஷமா அப்படித்தான் இருந்திருக்கோம். சுவத்துக்கு வெளிய எட்டடிக் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டு மூடினோம். வாரம் ஒரு குடம் தண்ணி ஊத்தச் சொல்லியிருக்காரு. இந்த சர்வரால வீட்டுக்கு ஒரு நல்லது நடந்துதுன்னா அது இதுதான். உங்க வீட்டுலயும் ஒரு தடவை எர்த்தைப் பார்த்துடுங்க. சர்வர் வாங்கலைன்னாலும்.

அடுத்து இன்வெர்ட்டர். வீட்டுல இருந்த பழைய இன்வெர்ட்டர் ஃபேன், லைட்டுக்கு ஓடும். இதுக்குக் கொடுத்தா படக்குன்னு அணைஞ்சுது. அது கொடுக்கிற கரண்ட் கட்டம் கட்டமா வருதாம். சர்வர் பவர் சப்ளைக்கு ஈ.பி. கரண்ட் மாதிரி வழுவழுன்னு அலையா வரணும். 'ப்யூர் சைன் வேவ்' ன்னு கேட்டு வாங்கணும். அதுக்கு ஒரு 7,500.

டிஸ்க்குலயும் ஒரு கூத்து. அஞ்சுல ரெண்டை சர்வர் ஏத்துக்கவே இல்ல. இருக்குன்னு காட்டுது, எழுத விடல. அக்கா மகன் ராத்திரி போன்லயே பார்த்துக் கண்டுபிடிச்சான். டிஸ்க்குல சின்னச் சின்னக் கட்டமா பிரிச்சு எழுதுவாங்களாம். நமக்கு ஒரு கட்டம் 512 பைட். சில பெரிய கம்பெனிப் பெட்டியில இருந்து கழட்டின டிஸ்க்குல 520 பைட். ஊருக்கு ஊர் மரக்கால் வேற வேற அளவு இருந்த மாதிரி. மறுபடி 512க்கு மாத்த ஒரு கட்டளை இருக்கு. போட்டுட்டு ராத்திரி முழுக்க விட்டோம். காலையில ஒண்ணு சரியாச்சு. இன்னொண்ணு பாதியில செத்துப் போச்சு. கடையில கேட்டேன். பழைய சரக்குக்குப் பொறுப்பு இல்லைன்னுட்டாங்க. கையிருப்புக்கு வாங்கினது முதல் நாளே கைகொடுத்தது.

உள்ள போட்ட மென்பொருள் ட்ரூநாஸ். இலவசம்தான். நாலு டிஸ்க்கை ஜோடி ஜோடியா கட்டியிருக்கு. ஒண்ணுல எழுதறதை அதோட ஜோடியிலயும் எழுதும். அதனால 16 டி.பி. இருந்தாலும் கையில 8 டி.பி.தான். மாசம் ஒரு தடவை எல்லாத்தையும் தானே படிச்சுப் பார்த்து, எங்கயாவது கெட்டுப் போயிருந்தா ஜோடியில இருந்து எடுத்துச் சரி பண்ணிக்கும். நாம விதைத் துவரையை வெயில்ல கொட்டி வண்டு இருக்கான்னு பார்க்கிற மாதிரின்னு நான் புரிஞ்சுக்கிட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு ஈ.பி.காரர் வந்து ரீடிங் எடுத்துட்டு, "இன்னாண்ணா, ஏசி போட்டுட்டீங்களா?" ன்னு கேட்டாரு. சும்மா இருக்கிறப்பவே மிஷின் 150 வாட் இழுக்குது. ஒரு நாளைக்கு 3.6 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 216 யூனிட். 2025ல நமக்கு இலவசமா இருந்ததே 100 யூனிட்தான். எங்க வீட்டம்மா அன்னிக்குத்தான் வாயைத் திறந்தாங்க. "ஏங்க, செத்துப்போன போட்டோவுக்கு உயிரோட இருக்கிறவங்க கரண்ட் பில்லு கட்டணுமா?"

பங்காளி ஒருத்தர் சொன்னாரு, "மோட்டார் கொட்டாய்ல வச்சிடுப்பா. அங்க கரண்ட் சும்மாத்தானே வருது." யோசிச்சேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது பயிருக்குத் தண்ணி இறைக்கக் கொடுக்கிற கரண்ட். அதுக்காக 1970கள்ல விவசாயிங்க தெருவுல இறங்கிப் போராடி, துப்பாக்கிச் சூட்டுல உயிர் விட்டிருக்காங்க. அதை எடுத்துக் கல்யாண வீடியோ பார்க்க மனசு வரல. கடைசியில ஒரு முடிவுக்கு வந்தோம். சாயந்திரம் ஏழு மணிக்குப் போடறது, பத்து மணிக்கு அணைக்கிறது. மூணு மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு 27 யூனிட்தான். அணைச்சாலும் உள்ள ஒரு சின்ன மூளை முழிச்சுக்கிட்டு 10, 15 வாட் தின்னும். அதனால சுவத்து ஸ்விட்சையே அணைச்சிடணும்.

இனிமேதான் முக்கியமான விஷயம்.

எங்க வீட்டுப் போட்டோ எல்லாம் ஏத்தி முடிச்சதும், தெருவுல இருக்கிறவங்களும் கொண்டு வர ஆரம்பிச்சாங்க. வெள்ளத்துல எல்லா வீட்டுலயும் இதே கதைதானே. பாதி கிழிஞ்ச காதுகுத்துப் போட்டோ, பழைய கல்யாண சி.டி., பஞ்சாயத்துக் கூட்டத்துல யாரோ எடுத்த வீடியோ. ஒருத்தர் 2007ல நடந்த அவர் கல்யாண சி.டி.யைக் கொண்டு வந்து கொடுத்தாரு. ஏத்திட்டு, சும்மா ஓடவிட்டுப் பார்த்துட்டிருந்தோம். பந்தி வந்துது. சாம்பார் வாளியோட ஒரு பையன் வரிசையில வரான். கேமராவைப் பார்த்துட்டு வெக்கப்பட்டுச் சிரிச்சு, கரண்டிக் கையால முகத்தை மறைக்கிறான்.

எதிர்வீட்டுப் பெரியம்மாவோட சின்ன மகன் அவன். 2009ல பெங்களூர் ரோட்டுல வண்டியில அடிபட்டுப் போயிட்டான். அவங்க கிட்ட அவன் படம்னு இருந்தது பத்தாவது ஹால் டிக்கெட்டுல இருந்த ஸ்டாம்ப் சைஸ் போட்டோ. அதுவும் வெள்ளத்துல போச்சு.

போய்க் கூட்டிட்டு வந்தோம். பெரியம்மா டிவிக்கு ஒரு அடி தள்ளி உட்கார்ந்தாங்க. அழுவாங்கன்னு நினைச்சேன். அழல. "நடையைப் பாருடா தம்பி. அவங்க அப்பன் நடை" ன்னாங்க. "திருப்பிப் போடு" ன்னாங்க. மொத்தம் நாப்பது செகண்டு. அன்னிக்கு எத்தனை தடவை போட்டேன்னு கணக்கு இல்ல. அதுல இருந்து தினமும் ஏழு மணிக்கு விசிறி சத்தம் கேட்டதும் வந்துடுவாங்க. நாலு தடவை பார்ப்பாங்க. எங்க வீட்டம்மா கொடுக்கிற டீயைக் குடிச்சிட்டுப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் எங்க வீட்டுல கரண்ட் பில் பேச்சே எழல.

ஆடி மாசம் ஒரு நாள், உள்ள எல்லாம் குப்பையா இருக்கேன்னு ஒழுங்கு பண்ண உட்கார்ந்தேன். 'கல்யாணம் 2007' ன்னு ஒரு ஃபோல்டர், 'கல்யாணம் 2007 புதுசு' ன்னு இன்னொண்ணு. ஒண்ணே எதுக்கு ரெண்டு இடத்துலன்னு பழசை அழிச்சிட்டேன். 'நிச்சயமா அழிக்கவா?' ன்னு அது கேட்டுது. நான் நிச்சயமா ஆமான்னுதான் சொன்னேன்.

சாயந்திரம் பெரியம்மா வந்து உட்கார்ந்தாங்க. 'புதுசு' ஃபோல்டரைத் திறந்தேன். தாலி கட்டறது வரைக்கும் வந்து நின்னுடுச்சு. அது நடுவுல கரண்ட் போய்ப் பாதியில நின்ன பிரதி. பந்தியே இல்ல.

ஜோடி டிஸ்க் இருக்கேன்னு தைரியமா அக்கா மகனுக்கு போன் போட்டேன். அவன் ஒரு நிமிஷம் பேசல. "மாமா, ஜோடிங்கிறது டிஸ்க் கெட்டுப்போனா காப்பாத்தும். நீங்களே அழிச்சா ரெண்டுலயும் சேர்ந்துதான் அழியும். கண்ணாடிக்கு முன்னால நீங்க மொட்டை அடிச்சா, கண்ணாடியில இருக்கிற ஆளுக்கு மட்டும் முடி இருக்குமா?" ன்னான். அன்னன்னிக்கு இருக்கிற நிலையை அப்படியே உறைய வச்சுக்கிற 'ஸ்னாப்ஷாட்' ன்னு ஒரு வசதி இருக்காம். அதைப் போட்டு வைக்கச் சொல்லியிருந்தான். அறுவடை வேலையில நான் போடல.

சரி, சி.டி. இருக்கேன்னு மாப்பிள்ளை வீட்டுக்கு ஓடினேன். அவர் சாவகாசமா கம்பங்கொல்லையைக் கை காட்டினாரு. குருவி விரட்டக் கயித்துல கட்டித் தொங்கவிட்டிருக்காரு. வெயில்ல பளபளன்னு சுத்துது. "நீதான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டியே, இனிமே அது எதுக்குன்னுதான்..." அவிழ்த்துக் கொண்டு வந்து போட்டுப் பார்த்தேன். மேல்பூச்சு உரிஞ்சு கிடக்கு. ஒண்ணும் வரல.

மூணு நாள் பெரியம்மா முகத்தைப் பார்க்கல. மிஷின் ரிப்பேர்னு சொல்லிட்டேன். ஏழு மணி ஆனா சர்வரைப் போடாம கொல்லைக்குப் போயிடுவேன். நாலாவது நாள் எங்க வீட்டம்மா, "போய்ச் சொல்லிடுங்க. பொய் சொல்லி எத்தனை நாள் ஓட்டுவீங்க?" ன்னாங்க. போனேன். திண்ணையில உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சிட்டிருந்தாங்க. சொன்னேன். கை நின்னுது. கொஞ்ச நேரம் கழிச்சு, "பாப்பா கிட்ட இருக்குமே?" ன்னாங்க.

பேத்தி ஒருநாள் எங்க வீட்டுக்கு வந்திருந்தப்ப, "ஆயாவுக்கு வேணுமாம்" னு டிவியில ஓடினதை செல்லுல படம் புடிச்சிருக்கா. எனக்கே ஞாபகம் இல்ல. இருந்தது. படம் கொஞ்சம் ஆடுது. ஓரத்துல எங்க வீட்டு அலமாரி தெரியுது. கல்யாணப் பாட்டுக்கு மேல சர்வர் விசிறி சத்தம் உய்யுன்னு கேக்குது. நடுவுல நான் இருமறேன். ஆனா பையன் வரான், சிரிக்கிறான், கரண்டியால மறைக்கிறான். அது போதும்னுட்டாங்க பெரியம்மா.

கல்யாண மாப்பிள்ளைக்குத்தான் மீதி வீடியோ போச்சு. மன்னிப்புக் கேட்டேன். "அட விடுண்ணா, கல்யாணம் நடந்தது நடந்ததுதானே, அதை யாராலயும் அழிக்க முடியாது" ன்னு சிரிச்சாரு. அவர் சம்சாரம் சிரிக்கல. அது எனக்கு இன்னும் உறுத்துது.

யோசிச்சுப் பாருங்க. எங்க அப்பா முகத்தைக் காப்பாத்தினது அக்கா பொண்ணோட செல்லு. அந்தப் பையனைக் காப்பாத்தினது பேத்தியோட செல்லு. 22,000 ரூபா சர்வர் ரெண்டையும் காப்பாத்தல. எங்க ஆயா விதை எடுத்து வைக்கிறப்ப ஒரே வீட்டுல வைக்க மாட்டா. சாம்பலும் நொச்சி இலையும் போட்டுக் குதிர்ல கொஞ்சம், பங்காளி வீட்டுல ஒரு பானை, அவ பொறந்த வீட்டுக்கு ஒரு முடிச்சு. கூரை வீடு, என்னிக்கு வேணா தீ புடிக்கும்கிறதால அந்தப் பழக்கம். கம்ப்யூட்டர்காரங்களும் இதையே சொல்றாங்களாம். மூணு பிரதி, ரெண்டு விதமான பொருள்ல, அதுல ஒண்ணு வேற ஊர்ல. அக்கா மகன் சொன்னப்ப எனக்கு ஆயா ஞாபகம்தான் வந்துது. தெரிஞ்ச விஷயத்தையே மறந்துட்டு மிஷினை நம்பியிருக்கேன்.

நம்ம பக்கத்துலயே பாருங்க. செங்கம் பக்கம் எடத்தனூர்ல ஒரு நடுகல் கிடைச்சிருக்கு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. மாட்டைக் காக்கப் போன சண்டையில செத்த வீரனோட அவன் நாயையும் செதுக்கி, கோவிவன்னு அது பேரையும் வெட்டி வச்சிருக்காங்க. ரெண்டு கள்ளனைக் கடிச்ச நாய். 1,400 வருஷமா ஒரு நாயோட பேரு நிக்குது. ஆனா கல்லையும் நம்பி உட்காராதவங்க இருந்திருக்காங்க. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரிச்சுக் கட்டறப்ப, சுவத்துல இருந்த கல்வெட்டை எல்லாம் முதல்ல புத்தகத்துல எழுதி வைக்கச் சொல்லி ராஜராஜ சோழன் உத்தரவு போட்டிருக்கான். அப்புறம் அவன் மகன் ராஜேந்திரன் காலத்துல திரும்பக் கல்லுல வெட்டியிருக்காங்க. பிரிக்கிறதுக்கு முன்னால பிரதி எடுக்கணும்னு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் ஆடி மாசம் வரைக்கும் தெரியல.

இப்ப எப்படி நடக்குதுன்னு சொல்லிடறேன். யார் எதைக் கொண்டு வந்தாலும், ஏத்தினதும் அதே ராத்திரி ஒரு பென் டிரைவ்ல போட்டு அவங்க கையிலயே திருப்பிக் கொடுக்கிறேன். ஒரிஜினலை வீசிடாதீங்க, கம்பங்கொல்லையில கட்டாதீங்கன்னு சொல்லி அனுப்பறேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் தனியா ஒரு டிஸ்க்குல எடுத்து அக்கா வீட்டுக்குக் கொடுத்து அனுப்பறேன். அது போளூர்ல இருக்கு. ஸ்னாப்ஷாட்டும் இப்ப தினமும் போடுது.

செலவையும் சொல்லிடறேன், யாராவது வாங்க நினைச்சா உதவும். சர்வர் 22,000. டிஸ்க் அஞ்சு 14,000. யு.பி.எஸ். 7,500. எர்த் குழி 3,500. மொத்தம் 47,000, ஒரு கறவை மாட்டு விலை. அக்கா மகன் முதல்ல சொன்ன சின்னப் பெட்டி இதைவிடக் கம்மியில முடிஞ்சிருக்கும். 20 வாட்டுல நாள் முழுக்க ஓடினாலும், நான் மூணு மணி நேரத்துல செலவழிக்கிற கரண்ட்தான் அதுக்கு ஆகும். அதனால உங்க வீட்டுக்கு மட்டும்னா அதையே வாங்குங்க. ஊருக்கே பொதுவா வைக்கிறதா இருந்தா, தனி அறை இருந்தா, எர்த் சரியா இருந்தா, அப்ப பழைய சர்வரை யோசிக்கலாம்.

நாளைக்கு மல்லாட்டை மூட்டையைக் கமிட்டிக்குக் கொண்டு போகணும். மணி ஏழாகப் போகுது. பெரியம்மா வீட்டு வாசல்ல லைட்டு எரியுது. பேத்தி எடுத்ததையே இப்ப டிவியில போட்டுக் காட்டறேன். நான் இருமற இடம் வந்தா ஒவ்வொரு தடவையும் திரும்பி என்னைப் பார்த்து, "இன்னுமா உனக்கு அந்த இருமல் போகல?" ன்னு கேக்கறாங்க.